றபீக்கின் படத்தைச் சுற்றிய கறுப்புப் போடர்

என் கதைகளுக்கெல்லாம் முதல் ஆளாகச் சிரிக்கும் சகலன் றபீக்குக்கு, உன் அலியார் மச்சானின் ஸலாம்.

இதெல்லாம் நடக்கும் என்று நான் முதலே சொன்னேன். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேள். நீ கடைசியாகக் கடலுக்குப் போனதற்கு முதல் நாள் என் கடை வாசலில் வைத்து, "றபீக், நாளைக்குப் போகாத, கச்சான் காத்து சரியில்ல" என்று சொன்னேனா இல்லையா? நீ பல்லைக் காட்டிக்கொண்டு, "மச்சான், போன கிழமையும் இதத்தானே சொன்னீங்க, அதுக்கு முந்தின கிழமையும் இதத்தானே சொன்னீங்க" என்றாய். ஓம், சொன்னேன். ஒவ்வொரு கிழமையும் சொல்கிறவனுக்குத்தான் ஒரு கிழமை சரிவரும். சரிவந்ததா இல்லையா?

நம்முடைய ஊர்ச் சஞ்சிகைக்காரர் உனக்கென்று ஒரு நினைவுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார். "நீங்களும் அவரும் அக்கா தங்கச்சியக் கட்டின ஆக்கள், நீங்கதான் எழுதணும்" என்று கடைக்கே வந்து கேட்டார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன்தான். ஆனால் நான் எழுத உட்கார்ந்தால் படித்தவர்கள் பேனையை மூடி வைக்க வேண்டும். அது உனக்குத் தெரியும். உன் பெயருக்கு முன்னால், காலஞ்சென்றவன் என்கிற அர்த்தத்தில், 'மர்ஹூம்' என்று போடச் சொன்னார். மூன்று தரம் எழுதி மூன்று தரம் வெட்டிவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ போன பிறகு இங்கே நடந்ததையெல்லாம் உனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நானே சொல்கிறேன். முதலில் இருந்து.

நீ போன புதன்கிழமை நல்ல வெயில். பின்னேரம் மற்றத் தோணிகள் எல்லாம் வந்துவிட்டன, உன்னுடையது வரவில்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கடற்கரையில் ஆண்கள், வீட்டில் பெண்கள். கடலில் தேடப் போனவர்களோடு நானும் போனேன். தோணியின் முன்தலையில் நின்று வழி காட்டியது நான்தான் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் வாந்தி எடுத்துக்கொண்டு கீழே கிடந்தேன். இந்த மாதிரிச் சின்னச் சின்னக் கூட்டல்களை நீ பெரிதாக எடுக்கமாட்டாய்.

நாலாம் நாள், சனிக்கிழமை காலை, உன் பெண்சாதி நஸீறா என் கடைக்கு வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது, குரல் மட்டும் உறுதி. "மச்சான், 'காணவில்லை' எண்டு ஒரு நோட்டீஸ் அடிச்சுத் தாங்க. அவர்ட படத்தப் போட்டு, என்ட போன் நம்பரப் போட்டு. கரையில ஒதுங்கியிருப்பார், வேற தோணியில ஏத்தியிருப்பாங்க. கண்ட ஆக்கள் எனக்கு அடிக்கட்டும்."

"அதுக்கென்ன, அரை மணித்தியாலத்துல முடிச்சுத்தாறன்" என்றேன்.

போகப்போனவள் திரும்பி நின்றாள். "போடர் சிவப்புலதான் போடணும். கறுப்பு வேணா. கறுப்பு மௌத்துக்கு. சிவப்பு எண்டாத்தான் ஆக்கள் நிண்டு பார்ப்பாங்க."

"எனக்கே போடர் படிப்பிக்கிறியா?" என்று சிரித்தேன். கல்முனையில் ஜனாஸா அறிவித்தல், அதாவது மரண நோட்டீஸ், என்றால் யார்? அலியார்தான். ஒரு ஆளின் படத்தைக் கூட்டத்துக்குள்ளிருந்து வெட்டி எடுத்து, உடம்பைச் சுற்றி ஓரக்கோடு இழுத்து, தாளைச் சுற்றி விரல் தடிப்பில் போடர் அடித்து விட்டேன் என்றால், பள்ளிவாசல் பலகையில் அது பத்தடி தூரத்திலேயே ஆளைக் கூப்பிடும். இருபது வருட வேலை இது. சும்மாவா?

உனக்குப் படம் பிடிக்கிறது பிடிக்காது. தேடித் தேடிக் கிடைத்தது என் மகளின் கலியாணத்தில் எடுத்த ஒரே ஒரு படம். கூட்டத்தின் கரையோரத்தில், பந்தல் கம்புக்குப் பக்கத்தில் நிற்கிறாய். எல்லோரும் கமராவைப் பார்க்கிறார்கள். நீ மட்டும் படத்துக்கு வெளியே எதையோ பார்க்கிறாய். என்ன பார்த்தாய் றபீக்? அந்தப் பக்கம் கோழிக்கூடும் சுவரும் தவிர வேறொன்றும் இல்லையே.

கொம்பியூட்டரில் உன்னை மெதுவாக வெட்டினேன். தலைமுடி, காது, தோள், சாரத்தின் மடிப்பு. சுற்றியிருந்த கூட்டத்தை அழித்தேன். திரையில் நீ மட்டும் நின்றாய், வெறுமைக்குள். பிறகு ஓரக்கோட்டைப் போட்டேன். அது என்ன செய்யும் தெரியுமா? எங்கெங்கே பொருள் மிச்சம் இருக்கிறதோ அதைச் சுற்றித் தானாகவே கோடு இழுக்கும். உன் தலையைச் சுற்றியது, தோளைச் சுற்றியது, சாரத்தைச் சுற்றியது. பிறகு உன் காலடிக்குப் போய், ஒன்றுமே இல்லாத இடத்தில், வளைந்து வளைந்து ஒரு வட்டம் போட்டது. தண்ணீர் தேங்கி நிற்கிற மாதிரி.

அழி இறப்பரால் அழித்தேன். திரும்ப ஓரக்கோடு போட்டேன். வட்டம் திரும்ப வந்தது, முதலை விடக் கொஞ்சம் பெரிதாக. படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. அழித்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத தூசி மாதிரி நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும், கோடு அதைக் கண்டுபிடித்துவிடும் என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நானும் பலபேருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த நேரம், மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்க, எனக்குக் கழுத்து வேர்த்தது. கடைசியில் உன்னை இடுப்போடு வெட்டித்தான் நோட்டீசில் வைத்தேன்.

இருநூறு அடித்தேன். மேலே 'காணவில்லை' என்று கொட்டை எழுத்தில் சிவப்பு, நடுவில் நீ, கீழே நஸீறாவின் நம்பர். கோதுமை மாவில் பசை காய்ச்சி, ஓட்டோ ஒன்றைப் பிடித்து, கல்முனையிலிருந்து காரைதீவு தாண்டிப் பாலமுனை வரைக்கும் சுவர் சுவராக ஒட்டினேன். பின்னேர அஸர் தொழுகைக்குள் வேலை முடிந்தது. ஒருவன் தனியாக இருநூறு! இந்தக் கரையில் வேறு யார் செய்வான்?

அடுத்த நாள் காலை பத்து மணியிருக்கும். உன் வீட்டு வாசலில் பெண்கள் வெள்ளை முக்காட்டோடு வந்து இறங்கத் தொடங்கினார்கள். ஒருத்தி கையில் சீனிப் பை, ஒருத்தி கையில் தேயிலைப் பக்கெட். மௌத்து வீட்டுக்கு வருகிற வரத்து. என் பெண்சாதி சுபைதா அப்போது அங்கேதான் இருந்தாள், அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"என்னகா இது, எல்லாரும் கிளம்பி வந்திரிக்கீங்க?" என்று நஸீறா கேட்டிருக்கிறாள்.

"இன்னா லில்லாஹி... என்ன செய்யிறகா, அல்லாஹ்ட நாட்டம். மையத்து எப்ப வந்த? எப்பகா அடக்கம்?"

"மையத்தா? ஆர்ட மையத்து?"

"றோட்டெல்லாம் ஒட்டியிரிக்கே, கறுப்புப் போடர் போட்டு."

நஸீறா அந்தச் சீனிப் பையை வாங்கி வாசலில் எறிந்தாளாம். "ஆளே வரல்ல, அதுக்குள்ள மௌத்தாக்க வந்திட்டீங்களா? போங்கடி எல்லாரும்!" சீனி முற்றமெல்லாம் கொட்டி, எறும்பு இரண்டு நாளைக்குப் போகவில்லையாம்.

பிறகு அவள் சுவரிலிருந்து ஒரு நோட்டீசைக் கிழித்துக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தாள். மேசையில் அடித்து வைத்தாள். சிவப்பு எழுத்து சிவப்பாகவே இருந்தது. சுற்றிவரப் போடர், கறுகறு என்று கறுப்பு. காரைதீவுச் சந்தியில் பஸ்ஸில் போகிறவனுக்கு எழுத்து தெரியுமா? போடர்தான் தெரியும்.

"என்ன மச்சான் இது? நான் என்ன சொல்லிற்றுப் போன?"

கடையில் நாலுபேர் நின்றார்கள். போட்டோ கொப்பி எடுக்க வந்தவர்கள், படித்தவர்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் சிவப்புத்தான் போட்டன் நஸீறா" என்றேன். "கொம்பியூட்டர்ல சிவப்பு. என்ட ரெண்டு கண்ணால கண்டன். தாள் வெளியால வரக்குள்ள போடர் மட்டும் கறுத்து வந்த. மையெல்லாம் நிறைய இரிக்கி, எழுத்தப் பாரு, சிவப்பாத்தானே இரிக்கி? போடர் மட்டும் கறுத்த. அதுவா கறுத்த. வல்லாஹி."

அவள் நோட்டீசை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். விரலால் போடரைத் தடவினாள். பிறகு மிக மெதுவாக, "அப்ப அவர் போயிட்டார்" என்றாள். முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு வெளியே இறங்கினாள்.

மறுநாள் பகல், காரைதீவுத் தோணிக்காரர்கள் உன் தோணியைக் கட்டி இழுத்து வந்தார்கள். கடல் நடுவில் தனியே நின்றதாம். ஆள் இல்லை. வலை மடித்தபடி இருந்தது. சோற்றுப் பார்சல் கட்டு அவிழ்க்காமல் இருந்தது. இழுத்து வந்த கந்தையா அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, அஞ்சு நாள் கடலில கிடந்த தோணி, உள்ளுக்க ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஆரோ துடைச்சு வச்ச மாதிரிக் கிடக்கு. நான் நாப்பது வருசமாக் கடலுக்குப் போறன், இப்பிடிக் கண்டதில்ல" என்றார். தோணிக்குள் மீன் வரிசையாக, தலை தொழுகிற திசையான கிப்லாவைப் பார்த்துக் கிடந்தது என்று நான் பிறகு ஊரில் சொன்னேன். அது என் கூட்டல். தண்ணீர் இல்லாதது உண்மை.

அதோடு என் பேர் ஏறிவிட்டது றபீக். 'அலியார்ர கொம்பியூட்டருக்கு முதலே தெரிஞ்சிட்டு' என்று ஊரெல்லாம் கதை. அக்கரைப்பற்றிலிருந்துகூட ஆட்கள் வந்து மெஷினைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் ஒவ்வொருவருக்கும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தச் சிவப்பு கறுத்த விதம் வளர்ந்தது. மேல் மூலையில் தொடங்கி, மை ஊறுகிற மாதிரி, சுற்றி வந்து கறுத்தது என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே மயிர் கூச்செறிந்தது.

நஸீறா, புருஷன் மௌத்தானவள் மாதிரி, இத்தா இருக்கத் தொடங்கிவிட்டாள். வெள்ளை உடுத்து, உள்ளறையில், திரைச்சீலைக்குப் பின்னால். நாலு மாதமும் பத்து நாளும் என்னைப் போன்ற அந்நிய ஆண்கள் அவள் முகம் பார்க்க முடியாது. மௌலவி வந்து நடு அறையில் இருந்து சொன்னார், நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"மகள், ஆள் காணாமப் போனா அதுக்கொரு சட்டமிரிக்கி. பொறுக்கணும், தேடணும், காதிக் கோட்டுக்குப் போகணும். படத்துல போடர் கறுத்தத வச்சி ஆரும் இத்தா இருக்க ஏலா. அது சாட்சியில்ல."

திரைக்குப் பின்னாலிருந்து அவள் சொன்ன பதில் இன்னும் என் காதில் நிற்கிறது. "ஹஸ்ரத், எங்கட மச்சான் ஆயிரம் பொய் சொல்லுவார். அது எனக்குத் தெரியும். அல்லாஹ்ட பேரச் சொல்லிப் பொய் சொல்லமாட்டார். வல்லாஹி எண்டு சொன்னவர்."

மௌலவி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தேன்.

அன்றே அவள், நோட்டீசில் போட்டிருந்த நம்பரை நிற்பாட்டிவிட்டாள். சிம்மைக் கழற்றி சுபைதாவிடம் கொடுத்து, "இனி ஆரும் அடிக்கத் தேவல்ல" என்றாளாம். கடலில் தேடுவதும் அதோடு நின்றது. கறுப்புப் போடர் போட்ட ஆளை யார் தேடுவார்கள்?

இன்னொன்று சொல்ல வேண்டும். நோட்டீஸ் ஒட்டும்போது நான் தாளின் ஓரத்துக்கு மட்டும்தான் பசை பூசுவேன். நடுவில் பூசினால் படம் சுருங்கும், பசையும் வீண். எப்போதும் அப்படித்தான். ஆனால் ஜனாஸா நோட்டீஸ் இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும். உன்னுடையது மாதக்கணக்கில் நின்றது. காற்றும் ஆடும் நடுவைத் தின்றுவிட்டன. ஓரம் மட்டும் சுவரோடு இறுகிப் போய்விட்டது. போன கிழமை பாலமுனைக்குப் போகும் வழியெல்லாம் பார்த்தேன். மதிலில், பஸ் நிறுத்தத்தில், மூடிக் கிடக்கிற கடைக் கதவில், வெறும் கறுப்புச் சட்டங்கள். உள்ளே ஆள் இல்லை. நீ ஒவ்வொன்றிலும் இருந்து எழும்பிப் போன மாதிரி. மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் ஓட்டினேன். எண்ணவும் இல்லை.

திரும்பி வந்து கடையில் இருக்கிறேன், பாலமுனை லொறிக்காரர் ஒருவர் அடையாள அட்டை கொப்பி எடுக்க வந்தார். ஐஸ் அடித்த மீன் ஏற்றி ஊர் ஊராகப் போகிறவர். என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே உன் நோட்டீஸ் ஒன்று முழுசாகக் கிடக்கிறது. அதைக் குனிந்து பார்த்தார்.

"காக்கா, இந்த ஆள நான் கண்டன்."

"எங்க?"

"திருகோணமலைப் பக்கம், சின்ன மீன்துறை ஒண்டு. இந்த நோட்டீஸ் ஒட்டினதே, அந்தச் சனிக்கிழமை விடிய. பாலத்துக் கட்டுல குந்தியிருந்தார். ஸலாம் சொன்னன், பார்த்தார், பதில் சொல்லல்ல. ஞாயித்துக்கிழமை ஊருக்கு வந்தா இந்த நோட்டீஸ் சுவத்துல கிடக்கு."

"அப்ப ஏன் நீங்க போன் அடிக்கல்ல?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "கறுப்புப் போடர் போட்டிருந்தயே காக்கா. மௌத்தான ஆள நான் எப்பிடி உசிரோட கண்டிருப்பன்? ஒரே சாயல்ல ஆக்கள் இருப்பாங்க எண்டு விட்டுட்டன்."

குந்தியிருந்த ஆளின் காலடியில் தண்ணீர் தேங்கி நின்றதா என்று கேட்டேன். கேட்டது நான்தான். அவர் யோசித்துவிட்டு, "இருந்திருக்கும், மீன்துறைதானே" என்றார். இதை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அவர் போன பிறகு மேசைக் கண்ணாடிக்குக் கீழே நீ இருந்தாய், இடுப்போடு, படத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டு. சனிக்கிழமை விடிய நீ அந்தப் பாலத்துக் கட்டில் இருந்திருந்தால், உன் தோணி ஏன் தனியே இங்கே நின்றது? அது நீதான் என்றால் ஏன் ஸலாத்துக்குப் பதில் சொல்லவில்லை? நீ இல்லை என்றால், உன் சாயலில் அங்கே குந்தியிருந்தது யார்? இதை எங்கே இருந்து வாசிக்கிறாய் நீ?

எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும், அதை உலகத்தில் நான் ஒருத்தன்தான் அறிவேன்.

சிவப்பு இருக்கவில்லை றபீக். கொம்பியூட்டரில் அந்தப் போடர் ஒரு நிமிஷம்கூடச் சிவப்பாக இருக்கவில்லை. எழுத்துக்கு நிறம் மாற்ற எனக்குத் தெரியும். போடருக்கு மாற்றத் தெரியாது. இருபது வருடமாகத் தெரியாது. அந்தச் சொப்ட்வெயாரில் போடரை அமத்தினால் முதலில் கறுப்புத்தான் வரும், எனக்கு வருகிற வேலையெல்லாம் ஜனாஸா, அதனால் கறுப்பே போதுமாக இருந்தது. நஸீறா கேட்ட அன்று அரை மணித்தியாலம் அங்கேயும் இங்கேயும் அமத்திப் பார்த்தேன். பிறகு, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று அப்படியே அடித்தேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். பக்கத்துக் கடைப் பிள்ளையிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை. அலியார் போய்ப் போடர் கேட்பானா? நாலுபேருக்கு முன்னால் அதை ஒத்துக்கொள்ள முடியாமல் அல்லாஹ்வின் பெயரை இழுத்தேன். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் உனக்காக வெள்ளை உடுத்திருக்கிறாள், அந்தச் சொல்லை நம்பித்தான் உன்னைத் தேடுவதை நிற்பாட்டினாள்.

இந்தப் பக்கம் அச்சுக்குப் போவதற்கு முதல், நாளை அஸர் தொழுதுவிட்டு உன் வீட்டுக்குப் போவேன். திரைக்கு இந்தப் பக்கம் நின்று, இதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நஸீறாவுக்கு வாசிப்பேன். ஒரு கூட்டலும் இல்லாமல். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு நிற்பேன். அடுத்த நாள் அந்த லொறியில் ஏறி அந்தத் துறைக்குப் போய், பாலத்துக் கட்டில் குந்தியிருக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் ஸலாம் சொல்வேன், ஒருத்தனாவது பதில் சொல்லும்வரை.

உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உன்னைத் தேடக் கடமைப்பட்ட,
உன் மூத்த சகலன்
அலியார்